நவாபின் கடிகாரத்துக்குச் சட்டம் உண்டு, 'ஜனதா'வுக்கு?

ஹைதராபாத்: மூசி நதிக்கரையில் அமைந்துள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு கூட்டம் கூடிக் கலைகிறது. கொல்கத்தாவின் குக் அண்ட் கெல்வி நிறுவனம் உருவாக்கிய பழைய கடிகாரம் ஒன்றிலிருந்து தாடி வைத்த சிறு பொம்மை வெளியே வந்து மணியை அடித்துவிட்டு உள்ளே செல்வதைக் காணவே அந்தக் கூட்டம். பகல் 12 மணிக்குத்தான் நெரிசல் அதிகம். அப்போதுதான் அந்தப் பொம்மை 12 முறை மணியடிக்கும்.

இந்தக் கடிகாரமும், அருங்காட்சியகத்தில் உள்ள ஆயிரக்கணக்கான கலைப்பொருள்களும் பெரும்பாலும் ஒரே மனிதரின் ஆர்வத்தால் சேர்ந்தவை. நிஜாமின் திவானாகச் சிறிது காலம் பணியாற்றிய மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுப் அலி கான், 1949-ல் வாரிசின்றி மறைந்தார். உறவினர்களுக்கு இடையிலான வழக்கு சமரசத்தில் முடிந்த பிறகு அவரது சேகரிப்பு இந்திய அரசின் வசம் வந்தது. 1961-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றை இயற்றி, இந்த அருங்காட்சியகத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. ஆளுநரைத் தலைவராகக் கொண்ட வாரியம் அதை நிர்வகிக்கிறது.

அதே 1961-ல்தான், பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் (எச்.எம்.டி.), ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் தொழில்நுட்ப ஒப்பந்தம் செய்துகொண்டு பெங்களூரில் கைக்கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியது. முதல் கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். 'ஜனதா' என்பது அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற மாடலின் பெயர். மக்கள் என்று அதற்குப் பொருள்.

நவாபின் கடிகாரத்தை நாடாளுமன்றச் சட்டம் காக்கிறது. சாமானியரின் மணிக்கட்டில் இருந்த 'ஜனதா'வைக் காப்பது யார்? ஹைதராபாதிலும் நாட்டின் பிற நகரங்களிலும் பழைய கைக்கடிகாரங்களைத் தேடிச் சேகரித்து, பழுது நீக்கி, அணிந்து வரும் ஆர்வலர்களின் பொழுதுபோக்கு இந்தக் கேள்வியை எழுப்புகிறது.

சந்தையில் தேடல்

கடிகாரத்துக்கும் ஹைதராபாதுக்கும் உள்ள உறவு பழையது. சார்மினாரின் நான்கு பக்கங்களிலும் 1889-ல் கடிகாரங்கள் பொருத்தப்பட்டன. நிஜாம் ஆட்சியில் எழுந்த மணிக்கூண்டுகள் நகரின் பல பகுதிகளில் இன்றும் நிற்கின்றன. பிரபுக்களிடமும் அதிகாரிகளிடமும் சுவிஸ் கடிகாரங்கள் புழங்கிய நகரம் என்பதால், பழைய கடிகாரங்கள் கைமாறுவதும், அவற்றைப் பழுதுபார்ப்பதும் இங்கு ஒரு தொழிலாகவே வளர்ந்தன.

எர்ரகட்டாவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும், ஜும்மேராத் பஜார் எனப்படும் வியாழக்கிழமைச் சந்தையிலும் தரையில் விரித்த துணியின் மீது பழைய பொருள்கள் குவிந்து கிடக்கும். சேகரிப்பாளரின் கண் அந்தக் குவியலில் ஓடாத கடிகாரங்களைத் தேடுகிறது. கண்ணாடி உடைந்திருக்கலாம், வார் அறுந்திருக்கலாம். பின்மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் இயந்திரம் அசலானதா என்பதுதான் அவருக்கு முக்கியம்.

இந்தப் பொழுதுபோக்கில் மூன்று வகையினர் உண்டு. பழைய கடிகாரத்தை அது வெளிவந்த நிலையிலேயே பாதுகாக்க விரும்புவோர் ஒரு வகை. தந்தையோ தாத்தாவோ கட்டியிருந்த ஒரே கடிகாரத்தைச் சீர்செய்து தாங்கள் அணிய நினைப்போர் இன்னொரு வகை. முகப்பு, முள், உறை, வார் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கித் தங்கள் விருப்பப்படி புதிய கடிகாரத்தைக் கோப்போர் மூன்றாம் வகை. இவர்களில் பலரும் நாடுவது ஜப்பானின் சீக்கோ குழுமம் தயாரிக்கும் என்.எச். 35 என்ற தானியங்கி இயந்திரத்தை. பேட்டரி இல்லாமல், கையசைவிலேயே சாவி ஏறும் இந்த இயந்திரம் எளிதில் கிடைப்பதே அதற்குக் காரணம்.

எச்.எம்.டி. 'ஜனதா', 'பைலட்' போன்றவை தினமும் கையால் சாவி கொடுக்க வேண்டியவை. சுருள்வில் ஒன்றில் ஏற்றிய விசை பற்சக்கரங்கள் வழியே சிறிது சிறிதாக இறங்க, தராசுச் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடி அதை அளந்து விடுகிறது. ஒரு நொடிக்கு ஐந்து துடிப்பு. ஒரு மணி நேரத்துக்கு 18 ஆயிரம். தேய்மானத்தைக் குறைக்கச் செயற்கை மாணிக்கக் கற்கள் 17. கருவியும் பொறுமையும் உள்ள பழுதுபார்ப்பாளர் இதை முழுவதுமாகப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டு மீண்டும் ஓட வைத்துவிட முடியும். அரை நூற்றாண்டுக்கு முந்தைய கடிகாரம் இன்றும் ஓடுகிறது என்றால் அதற்கு இந்த எளிமைதான் காரணம்.

தமிழகத்தில் ஒரு தலைமுறைக்கு எச்.எம்.டி. கடிகாரம் என்பது மாப்பிள்ளைக்குச் சீராகத் தந்த பொருள். முதல் சம்பளத்தில் வாங்கிய பொருள். தானியங்கி வகையான 'காஞ்சன்', படைவீரர்களை நினைவூட்டும் 'ஜவான்', பார்வையற்றோர் விரலால் தொட்டு நேரம் அறியும் பிரெய்ல் கடிகாரம் என ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் சமூக ஆவணமாகும். மொத்தம் 10 கோடிக்கும் அதிகமான கடிகாரங்களை அந்நிறுவனம் தயாரித்துள்ளது.

ஆல்வின் என்றொரு நிறுவனம்

ஹைதராபாத் சேகரிப்பாளர்களுக்கு எச்.எம்.டி. தவிர இன்னொரு பெயரும் நெருக்கமானது: ஆல்வின். நிஜாம் அரசின் தொழில் அறக்கட்டளை நிதியமும் அலாவுதீன் அண்ட் கம்பெனி என்ற தனியார் நிறுவனமும் சேர்ந்து 1942-ல் தொடங்கிய உலோகத் தொழிற்சாலை அது. பின்னர் ஆந்திரப் பிரதேச அரசின் நிறுவனமானது. இரும்பு அலமாரி, குளிர்பதனப் பெட்டி, பேருந்துக் கூடு, ஸ்கூட்டர் எனப் பலவற்றைத் தயாரித்த ஹைதராபாத் ஆல்வின், 1980-களின் தொடக்கத்தில் சீக்கோவின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் கைக்கடிகாரத் துறையிலும் இறங்கியது.

அன்றைய சூழலில் இது பெரிய முயற்சி. மத்திய அரசின் எச்.எம்.டி.யே சந்தையில் பெரும்பங்கை வைத்திருந்தது. எஞ்சிய தேவையின் ஒரு பகுதியைக் கடத்தல் கடிகாரங்கள் நிரப்பின. அந்நிலையில் ஒரு மாநில அரசு நிறுவனம் ஜப்பானிய நுட்பத்துடன் போட்டியிட முன்வந்தது. 'ஆல்வின்' என்ற எழுத்துகள் பொறித்த கடிகாரங்கள் நாடெங்கும் விற்பனையாயின.

ஆனால், பல தொழில்களில் ஒரே நேரத்தில் கால் பதித்த அந்நிறுவனம் நஷ்டத்தில் மூழ்கியது. 1990-களில் குளிர்பதனப் பெட்டிப் பிரிவு வோல்டாஸிடம் சென்றது. கைக்கடிகாரத் தயாரிப்பும் நின்றுபோனது. இன்று நகரின் புதிய தலைமுறைக்கு ஆல்வின் என்பது கூகட்பள்ளியை அடுத்த ஒரு குடியிருப்பின் பெயர். மியாபூரில் ஒரு சாலைச் சந்திப்பின் பெயர். அந்தப் பெயர் கொண்ட கடிகாரம் இருந்தது என்பதை நினைவூட்டுவது சேகரிப்பாளரின் மேஜை இழுப்பறைதான்.

ஒசூர் சென்ற பாதை

ஏறத்தாழ அதே காலகட்டத்தில் தமிழக அரசும் கடிகாரத் தொழிலில் இறங்கியது என்பது ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் (டிட்கோ) டாடா குழுமமும் கூட்டாக 1984-ல் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. ஒசூரில் ஆலை எழுந்தது. நொடிக்கு 32 ஆயிரத்து 768 முறை அதிரும் படிகத்தைக் கொண்டு நேரம் காட்டும் குவார்ட்ஸ் கடிகாரத்தையே அந்நிறுவனம் முதன்மையாக நம்பியது. நாள்தோறும் சாவி கொடுக்கத் தேவையில்லாத, தோற்றத்தில் நவீனமான கடிகாரத்தின் பக்கம் வாடிக்கையாளர்கள் திரும்பினர்.

எச்.எம்.டி.யிடமும் குவார்ட்ஸ் நுட்பம் இருந்தது. அதைச் சந்தைப்படுத்தும் வேகம் இல்லை. ஆந்திர அரசு நேரடியாக நடத்திய நிறுவனம் மூடப்பட்டது. தமிழக அரசு பங்குதாரராக இருந்து நிர்வாகத்தைத் தொழில் குழுமத்திடம் விட்ட நிறுவனம் வளர்ந்தது. டைட்டனில் டிட்கோவின் பங்கு இன்றும் சுமார் 28 சதவீதம். கடிகாரத்தை அரசு தயாரிக்கலாமா, கூடாதா என்ற விவாதத்தில் இரு தரப்பினருக்கும் இந்த இரு உதாரணங்களும் பயன்படும்.

2016 ஜனவரி 6

எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தின் நஷ்டம் 2012-13 நிதியாண்டில் மட்டும் ரூ. 242 கோடி. அதை மூடும் திட்டம் 2014-ல் செய்தியானதும், அதுவரை யாரும் திரும்பிப் பாராத கடிகாரங்களை வாங்கக் கடைகளில் கூட்டம் சேர்ந்தது. பழைய மாடல்களின் விலை உயர்ந்தது.

2016 ஜனவரி 6-ல் பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு, எச்.எம்.டி. வாட்சஸ், ஸ்ரீநகரில் இயங்கிய எச்.எம்.டி. சினார் வாட்சஸ், எச்.எம்.டி. பேரிங்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களையும் மூட ஒப்புதல் அளித்தது. ஊழியர்களின் விருப்ப ஓய்வு உள்ளிட்ட செலவுகளுக்காக ரூ. 427.48 கோடி ஒதுக்கப்பட்டது. அவற்றில் எச்.எம்.டி. பேரிங்ஸ் ஹைதராபாதின் மௌலா அலியில் இருந்தது. எனவே அந்த முடிவு கடிகார ஆலைகள் இருந்த பெங்களூரையும் தும்கூரையும் மட்டுமல்ல, ஹைதராபாத் தொழிலாளர்களையும் பாதித்தது.

எச்.எம்.டி. என்ற பெயரில் கடிகார விற்பனை முற்றிலுமாக நின்றுவிடவில்லை. தாய் நிறுவனம் சிறிய அளவில் தொடர்ந்து கடிகாரங்களைக் கோத்து விற்று வருகிறது. பெங்களூரில் 2019-ல் எச்.எம்.டி. பாரம்பரிய மையமும் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டன. ஆனால், வீடுகளில் உள்ள கோடிக்கணக்கான பழைய கடிகாரங்களைப் பராமரிக்கத் தேவையான உதிரிபாகங்களைத் தொடர்ந்து தயாரிக்கும் பெரிய ஆலை இப்போது இல்லை. ஒரு கடிகாரத்தை ஓட வைக்க மற்றொன்றைப் பிரித்தெடுக்க வேண்டிய நிலைக்கு ஆர்வலர்கள் தள்ளப்பட்டுள்ளனர்.

அசல் எது?

தேவை இருந்து வரத்து இல்லாத இடத்தில் போலி நுழையும். பழைய இயந்திரத்தில் புதிதாக வண்ணம் பூசிய முகப்பைப் பொருத்தி, கண்ணைக் கவரும் நிறங்களில் விற்பது ஒரு பெரும் வணிகமாகிவிட்டது. மும்பையிலிருந்து இவ்வாறு தயாராகி வரும் கடிகாரங்களுக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடையே தனிப் பட்டப்பெயரே உண்டு. நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத நிறத்தில் 'பைலட்' கிடைக்கிறது. எழுத்துகள் தடித்தும் கோணலாகவும் இருக்கின்றன. அசல் முகப்பில் கடிகார அதிர்வுத் தாங்கியைக் குறிக்கும் 'பாரா ஷாக்' என்ற சொற்கள் எந்த இடத்தில், எந்த அளவில் அச்சிடப்பட்டிருக்கும் என்பதை நுணுக்கமாக ஒப்பிட்டுத்தான் சேகரிப்பாளர் முடிவுக்கு வருகிறார்.

வண்ணம் மாற்றுவது குற்றமல்ல. தன் கடிகாரத்தைத் தன் விருப்பப்படி மாற்றி அணிவது உரிமையாளரின் உரிமை. ஆனால், ஒரு நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் அனுமதியின்றிப் பொறித்து அசல் என விற்பது 1999-ஆம் ஆண்டின் வணிக முத்திரைச் சட்டத்தின் 103-ஆவது பிரிவின்படி தண்டனைக்குரியது. ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ரூ. 50 ஆயிரம் முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதமும் விதிக்க அப்பிரிவு வழி செய்கிறது. மாற்றப்பட்டதை மாற்றப்பட்டது என்று சொல்லி விற்பதே நேர்மையான வணிகம்.

மாற்றம் செய்வோர் அறிய வேண்டிய ஆபத்தும் ஒன்று உண்டு. இருளில் ஒளிரும் மிகப் பழைய வெளிநாட்டுக் கடிகாரங்கள் பலவற்றின் முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் கலந்த பூச்சு இருக்கும். ஒளி மங்கியிருந்தாலும் கதிரியக்கம் மங்குவதில்லை. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். கையில் கட்டுவதைவிட, முகப்பைச் சுரண்டும்போது எழும் தூசியைச் சுவாசிப்பதுதான் பெரும் ஆபத்து.

தங்கத்துக்கு இணையாக

சட்டத்தின் பார்வையில் கைக்கடிகாரம் சாதாரணப் பொருள் அல்ல. 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 123-ஆவது பிரிவு என ஒன்று உள்ளது. பொதுவாகக் குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. ஆனால், கடத்தல் பொருள் எனத் தகுந்த காரணத்துடன் நம்பி அதிகாரிகள் கைப்பற்றிய சில பொருள்களில், அவை கடத்தல் பொருள் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை உரியவரின் தலையில் சுமத்துகிறது அப்பிரிவு. அந்தப் பட்டியலில் தங்கத்துடன் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருப்பது கைக்கடிகாரம்.

இறக்குமதிக் கட்டுப்பாடும் கடத்தலும் உச்சத்தில் இருந்த காலத்தின் ஏற்பாடு அது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-ல் ரத்தானது. பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 123-ஆவது பிரிவில் கடிகாரம் மட்டும் அப்படியே நிற்கிறது. இந்தியாவில் தயாரான எச்.எம்.டி.க்கும் ஆல்வினுக்கும் இதனால் சிக்கல் இல்லை. தாத்தா விட்டுச்சென்ற சுவிஸ் கடிகாரத்துக்கு ரசீது கேட்டால் பேரன் எங்கே போவான்? தனிப்பட்ட பயன்பாட்டில் உள்ள நெடுநாள் பழைய கடிகாரங்களுக்கு இப்பிரிவிலிருந்து விலக்கு அளிப்பது குறித்து நாடாளுமன்றம் சிந்திக்கலாம்.

ரசீதின் அருமையை அரசியல்வாதிகளும் அறிவர். 2016-ல் அப்போது கர்நாடக முதல்வராக இருந்த சித்தராமையா, நண்பர் பரிசளித்ததாகக் கூறிய ஹூப்லோ கைக்கடிகாரத்தை எதிர்க்கட்சிகளின் எதிர்ப்பையடுத்துப் பேரவைத் தலைவரிடம் ஒப்படைத்தார். 2022 டிசம்பரில் அப்போதைய தமிழக பாஜக தலைவர் அண்ணாமலை அணிந்திருந்த, ரஃபேல் விமானத்தின் பெயர் தாங்கிய கடிகாரத்துக்கு திமுகவினர் ரசீது கேட்டனர். 2023 ஏப்ரலில் அவர் அதை வெளியிட்டார். கட்சிகள் வேறாயினும் கேள்வி ஒன்றே: அது கைக்கு எப்படி வந்தது?

விலையுயர்ந்த கடிகாரங்களின் மீது வரித் துறையின் கண் இப்போது கூடுதலாகவே விழுந்துள்ளது. ரூ. 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரங்களை விற்கும்போது வாங்குபவரிடம் 1 சதவீதம் வருமான வரியை முன்கூட்டியே வசூலிக்க 2025 ஏப்ரல் 22-ல் அறிவிக்கை வெளியானது. மறுபுறம், சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளுடனான வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. சுவிஸ் கடிகாரங்கள் மீதான இறக்குமதித் தீர்வையைப் படிப்படியாக நீக்க அது வகை செய்கிறது.

ஆக, ரூ. 10 லட்சம் கடிகாரத்துக்கு வரிக் கொள்கை இருக்கிறது. இறக்குமதியாகும் கடிகாரத்துக்கு வர்த்தகக் கொள்கை இருக்கிறது. வரிப்பணத்தில் உருவாகி, பொதுத்துறைத் தொழிலாளரின் உழைப்பில் விளைந்து, கோடிக்கணக்கான வீடுகளுக்குச் சென்ற கடிகாரத்துக்குத்தான் கொள்கை எதுவும் இல்லை.

செய்யத் தக்கவை

இதற்கெனப் பெருந்தொகை தேவையில்லை. எச்.எம்.டி.யின் இயந்திர வரைபடங்கள், மாடல் பதிவேடுகள், உற்பத்தி ஆண்டுக் குறிப்புகள் ஆகியவற்றில் எஞ்சியவற்றைத் திரட்டி மத்திய கனரகத் தொழில் அமைச்சகம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கலாம். அசல் எது, போலி எது என்ற குழப்பத்தில் பாதி அதனாலேயே தீரும். வரைபடம் கிடைத்தால், அதிகம் தேய்ந்துபோகும் உதிரிபாகங்களைச் சிறுதொழில் கூடங்களே தயாரிக்க முடியும். இயந்திரக் கருவித் தொழிலில் நீண்ட அனுபவமுள்ள ஹைதராபாதுக்கு அந்தத் திறன் உண்டு.

ஆல்வினின் வரலாற்றைத் தொகுக்கும் பொறுப்பு தெலங்கானா, ஆந்திரம் ஆகிய இரு அரசுகளுக்கும் பொது. 2014-ல் மாநிலம் பிரிந்தபோது சொத்துகளைப் பிரிப்பதில் காட்டிய அக்கறையை, பிரிக்க முடியாத இந்த நினைவைக் காப்பதிலும் காட்டலாம். அங்கு பணியாற்றியவர்கள் முதுமையை எட்டிவிட்டனர் என்பதால் இதில் தாமதத்துக்கு இடமில்லை.

அவசரமான மற்றொன்று, பழுதுபார்ப்போரின் கைத்திறன். பேட்டரி மாற்றத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ரோமத்தைவிட மெல்லிய சுருள் கம்பியை இடுக்கியால் நேராக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகின்றனர். அவர்களின் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் இயந்திரக் கைக்கடிகாரப் பராமரிப்புக்கும் ஓர் இடம் தந்தால், பொழுதுபோக்காக இதில் ஈடுபடும் இளைஞர்களில் சிலராவது அதைப் பிழைப்பாக மாற்றிக்கொள்வர்.

மூன்றாம் சாலார் ஜங் பொருள்களைச் சேர்த்தபோது, அது பணக்காரர் ஒருவரின் பொழுதுபோக்காகவே கருதப்பட்டிருக்கும். அதன் மதிப்பை உணர்ந்து 1961-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிராவிட்டால் அந்தச் சேகரிப்பு ஏலத்தில் சிதறிப் போயிருக்கக் கூடும். எர்ரகட்டா சந்தையில் துணிமேல் கிடக்கும் ஓடாத 'ஜனதா'வும் நாட்டின் வரலாற்றில் ஒரு பகுதியே. அதைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிச் சீர்செய்யும் ஆர்வலர், அரசு செய்யத் தவறிய பணியைத் தன் சொந்தச் செலவில் செய்து வருகிறார். அவருக்கு அரசு தர வேண்டியது மானியம் அல்ல. தன்னிடம் உள்ள பதிவேடுகளைத் தூசி தட்டித் திறந்து வைத்தாலே போதும்.